பட்டைக் கம்பும் பீரங்கித் திருகும்

கோட்டைக்குப்பத்து மீனவர் வீட்டில் பிறந்தவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் போவது, பூனைக்கு மீன் ஒத்துக்கொள்ளாமல் போவதற்குச் சமம். தருமலிங்கத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கட்டுமரம் அலை தாண்டியதுமே குடல் தொண்டைக்கு வந்துவிடும். அண்ணன் கங்காதரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"மீனுக்கு இரை போடறதுக்குன்னே நான் தனியா ஒரு ஆளைக் கூட்டிக்கினு போறேன்னு ஊரே சிரிக்குது. நீ எறங்கிக்கோடா தம்பி. கரையில ஆடாத வேலையா ஒண்ணு பாத்துக்கோ" என்று ஒருநாள் சொல்லிவிட்டார்.

தம்பி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பழவேற்காட்டிலேயே கொஞ்சமும் ஆடாத பொருள் எது என்று யோசித்தார். உலாந்தாக்காரர்கள் என்று ஊர் சொல்லும் டச்சுக்காரர்களின் கோட்டைப் பீரங்கிதான் நினைவுக்கு வந்தது. அதைத் துடைக்கும் வேலையில் சேர்ந்தார். ஊரே சேர்ந்து தள்ளினாலும் அசையாத ஒரு பொருளோடு வாழ்க்கையை ஓட்டுவதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது.

அந்தப் பீரங்கிகளின் வீரத்தைப் பற்றி ஊரில் பெரிய பெரிய பேச்செல்லாம் உண்டு. தருமலிங்கம் பார்த்தவரையில் அவை யாரையும் கொன்றதில்லை. துணிமூட்டை ஏற்ற வரும் கப்பலுக்கு ஒரு மரியாதை வெடி, துரை வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு வெடி, துரையே செத்துப்போனால் இன்னும் சில. கோயில் அதிர்வேட்டு செய்கிற அதே திருப்பணிதான். எடை மட்டும் கூடுதல். ஆனாலும் கோட்டைக்குள் யாரும் இதைச் சொல்லிச் சிரித்ததில்லை. தருமலிங்கமும் சிரித்ததில்லை. குழாயைத் துடைத்து, எண்ணெய் பூசி, நாளைக்கே எதிரி வருகிறான் என்கிற மாதிரிதான் ஒவ்வொரு நாளும் வைத்திருந்தார். பீரங்கியின் பின்பக்கத்துக்கு அடியில் ஒரு மர ஆப்பு இருக்கும். அதை உள்ளே தள்ளினால் பீரங்கியின் மூக்கு தாழும், வெளியே உருவினால் நிமிரும். அந்த ஆப்பைச் சுத்தியலால் தட்டித் தட்டி மூக்கை வேண்டிய இடத்தில் நிறுத்துவதில் அவருக்கு நல்ல பெயர்.

அந்த வருஷம் தை பிறந்ததும் ஆப்புக்கு வேலை போயிற்று. கப்பலில் ஒரு இரும்புத் திருகு வந்து இறங்கியது. தலையில் வட்டத் தகடு, தகட்டைச் சுற்றிலும் வெட்டுகள். ஒரு வெட்டு திருப்பினால் மூக்கு இவ்வளவு ஏறும், இரண்டு வெட்டுக்கு அதைப் போல் இரண்டு மடங்கு ஏறும், திருப்பிய அளவுக்கு மறுபடி இறக்கினால் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சொன்னபடி நடக்கிறதா என்று சோதித்துச் சொல்லும் பொறுப்பு பீரங்கி மேஸ்திரி யாகோப் துரைக்கு வந்தது. சிரித்தால் எங்காவது ஒரு மறை கழன்றுவிடும் என்று பயப்படுகிறவர் மாதிரி முகம் அவருக்கு. கைக்கு உதவியாகத் தருமலிங்கத்தை வைத்துக்கொண்டார்.

சோதனை முடியும்வரை பீரங்கிக்கு எதிரே இருக்கும் ஏரித் தண்ணீரில் ஒரு தோணி போகக் கூடாது, ஒரு வலை விழக் கூடாது என்று உத்தரவாயிற்று. கொத்தளத்தில் சிவப்புக் கொடி ஏறியது. மீறினால் மரக்குதிரை. முதுகைக் கூராகச் செதுக்கிய மரக்கட்டை அது. குற்றவாளியை அதன்மேல் கால் தொங்க உட்காரவைத்து, காலில் பீரங்கிக் குண்டுகளைக் கட்டிவிடுவார்கள்.

கொடி ஏறியதைக் கண்டு ஊரில் எல்லோருக்கும் வயிற்றெரிச்சல்தான். தருமலிங்கத்துக்கு மட்டும் அடிவயிறே கலங்கியது. முகத்துவாரத்தை ஒட்டிய அந்தத் தண்ணீரில்தான் மாசி மாத வத்தத்தில், நீர் வடியும் நேரத்தில், இறால் கூட்டம் கூட்டமாகக் கடலுக்கு இறங்கும். அங்கே யார் எந்த நாள் வலை கட்டலாம் என்பதற்கு ஊர் சீட்டுப் போட்டு வரிசை வைத்திருக்கிறது. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு உன் பாடு என்றால் நாளைக்கு அடுத்தவன் பாடு. காய்ச்சல் வந்தாலும் சரி, புயல் வந்தாலும் சரி, வரிசை நிற்காது. போன பாடு போனதுதான். அரசனே வந்து கொடி ஏற்றினாலும் அதே கதைதான் என்று ஊர்ப் பெரியவர்கள் கூடித் தீர்மானித்துவிட்டார்கள்.

அண்ணன் கங்காதரன் ஐப்பசிப் புயலில் போனவர் திரும்பவில்லை. செத்தவன் பெயரில் ஒரே ஒரு சுற்று விடுவது ஊர் வழக்கம். அன்றைக்குப் பிடிபடுவதெல்லாம் அவன் பெண்சாதிக்கு. அதோடு பெயர் வரிசையிலிருந்து போய்விடும். அந்த ஒரு நாள் இறாலைக் காயவைத்து, கூடை தூக்கிக் காட்டூர்ப் பக்கம் விற்கப் போகலாம் என்று அண்ணி கோவிந்தம்மா இருந்தாள். தொழில் தொடங்க அவளிடம் வேறு முதல் கிடையாது. அந்த நாள் வருவதற்குள் திருகு சரி என்று சொல்லியாக வேண்டும். சொன்னால்தான் கொடி இறங்கும். உலாந்தாக்காரர்களின் எதிரிகளெல்லாம் சேர்ந்தும் அந்தப் பீரங்கியின்மேல் வைக்காத அக்கறையைத் தருமலிங்கம் வைத்தது இதனால்தான்.

மருந்தையும் குண்டையும் வீணாக்காமல் கண்ணாலேயே சோதிப்பது என்று யாகோப் துரை முடிவு செய்தார். நீளமான மூங்கில் கம்பு ஒன்றில் சாணுக்குச் சாண் சுண்ணாம்புப் பட்டை போட்டு, தருமலிங்கத்திடம் கொடுத்துத் தண்ணீரில் நடச் சொன்னார். தோணியில் போன தருமலிங்கம் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். சுற்றிலும் சேறு. கால் தானாகவே துழாவிக் கெட்டி மணலாக ஒரு இடத்தைக் கண்டுபிடித்தது. நட்டார். துரை கொத்தளத்திலிருந்து தொப்பியை ஆட்டினார்.

பீரங்கியின் பின்விளிம்பில் ஒரு பள்ளம், மூக்கில் ஒரு குமிழ். இரண்டையும் ஒன்றாக்கிக் கண்ணை ஓட்டினால் கம்பில் எந்தப் பட்டையில் போய் விழுகிறது என்று தெரியும். முதல் நாள் மேலிருந்து மூன்றாம் பட்டை. ஒரு வெட்டு ஏற்றினால் இரண்டாம் பட்டை, இன்னொரு வெட்டுக்கு முதல் பட்டை. இறக்கினால் மறுபடி மூன்றாம் பட்டை. திருகுக்கும் மறைக்கும் நடுவே மயிரிழை ஆட்டம் இருந்தது. அதற்காக எப்போதும் கொஞ்சம் கூடுதலாக இறக்கிவிட்டு, கீழிருந்து திருகி வந்து நிறுத்துவது என்று வைத்துக்கொண்டார்கள். அதன்பிறகு அந்தக் குறையும் இல்லை.

"நல்ல திருகு. நாளைக்கும் இதே வந்தால் சரி" என்றார் துரை. தகட்டை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலையில் பார்வை இரண்டாம் பட்டையில் நின்றது.

யாரும் திருகைத் தொடவில்லை. துரை சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்தார். எண்ணெய் வழிந்து சறுக்கியிருக்கும் என்று எண்ணெயைத் துடைத்தார். அதற்கடுத்த நாள் நான்காம் பட்டை. இப்போது எண்ணெய் போதவில்லை என்று எண்ணெய் போட்டார். வெயிலில் இரும்பு நீளுகிறதோ என்று பீரங்கிக்குப் பந்தல் போட்டார்கள். தாங்கியின் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்கள். தருமலிங்கம் பக்கத்தில் நின்று மூச்சு விடுவதால்தானோ என்று அவரைத் தள்ளி நிற்கச் சொல்லியும் பார்த்தாயிற்று. அன்றன்றைய பார்வையைத் துரை கரித்துண்டால் சுவரில் கோடாகப் போட்டு வந்தார். கோடுகள் ஏறின, இறங்கின. ஒரு ஒழுங்குக்கும் கட்டுப்படவில்லை. ஒரே நாளுக்குள் எத்தனை தடவை ஏற்றி இறக்கினாலும் திருகு உத்தமம். இரவு கழிந்தால் புத்தி மாறிவிடுகிறது.

"பகலில் யோக்கியன், ராத்திரி குடிகாரன்" என்றார் யாகோப் துரை. அவர் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்தக் கம்பு?" என்று கேட்டார்.

"கம்பு எங்க போவும் தொரை? நட்டது நான். நட்ட எடத்துலயே நிக்குது பாருங்க. சிவப்புக் கொடி பறக்கையில எங்க ஆளுங்க தண்ணியில காலு வெப்பாங்களா?"

நேர்கோட்டில் பார்த்தால் கம்பு இம்மியும் விலகவில்லை. துரை நம்பினார். ஊரைப் பற்றி ஊர்க்காரனே சாட்சி சொன்னால் வேறு யாரைக் கேட்பது?

சோதனை முடியும்வரை வீட்டுக்குப் போகக் கூடாது என்பதால் தருமலிங்கம் கோட்டைக்குள்ளேயே படுத்துக் கிடந்தார். அண்ணியின் நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் வந்தேவிட்டது. அன்று காலையில் பயந்துகொண்டே பீரங்கியின் பக்கத்தில் போய் நின்றார். துரை குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"நேற்று இருந்த அதே இடம்!"

அன்றுதான் யாகோப் துரையின் பற்கள் எப்படி இருக்கும் என்று தருமலிங்கத்துக்குத் தெரிந்தது. "நாளைக்கும் இதே வந்தால் கொடியை இறக்கலாம்."

"இன்னிக்கே எறக்கக் கூடாதா தொரை?"

"ஒரு நாள் யோக்கியனாக இருந்தால் யோக்கியன் ஆகிவிடுவானா?"

அந்த நேரத்தில்தான் வாசலில் சத்தம் கேட்டது. காவல்காரன் சாலமன் ஒரு பெண்பிள்ளையை மறித்துக்கொண்டிருந்தான்.

"கூப்பிட முடியாதுன்னு விடியறதுக்கு முன்னாலருந்து சொல்லிக்கினே கீறேன். உள்ள பீரங்கிக்கு நாடி பாக்கறாங்கம்மா. பேசக் கூடாது."

"பீரங்கிக்கு இன்னா நோவு வந்தா எனக்கின்னாய்யா? என் கொழுந்தனை வரச் சொல்லு. இல்லாட்டி நீ வந்து நடு!"

அண்ணியின் குரல். தருமலிங்கம் ஓடினார். கோவிந்தம்மாவின் கண்கள் சிவந்திருந்தன.

"இன்னிக்கு உங்க அண்ணன் பாடு. மறந்துட்டியா?"

"மறக்கல அண்ணி. தண்ணி மூடிக் கெடக்குதே."

"மூடினா இன்னா? வலை கட்டத்தான் தடை. கம்பு நட வேணாமா? நடலைன்னா அந்தப் பாட்டுக்கு ஆளே இல்லன்னு பேர எடுத்துடுவாங்கடா. ஊர்ல ஒருத்தன் பாக்கி இல்லாம அவனவன் நாளுக்கு இருட்டோட இருட்டா போயி, தலைக்குழியில நின்ன கம்பைப் புடுங்கித் திருப்பி நட்டுட்டு வந்துக்கினு கீறான். வலையும் இல்ல, மீனும் இல்ல, மொறை மட்டும் தப்பக் கூடாதுன்னு. நமக்கு நட வீட்டு ஆம்பள நீ ஒருத்தன்தான். வெயிலு பனந்தலையத் தாண்டறதுக்குள்ள நட்டாகணும்."

தருமலிங்கம் ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எந்தக் கம்பை அண்ணி?"

"அங்க வேற எந்தக் கம்பு கீது? வெள்ளைப் பட்டை போட்டுக்கினு ஒண்ணு நிக்குதே, அதைத்தான். தலைக்குழியில யாரு நட்டதோ, மவராசன், நல்ல மூங்கில்!"

மவராசனுக்கு அப்போதுதான் விளங்கியது. சேற்றில் துழாவிய கால் கெட்டி மணல் என்று தானாகப் போய் நின்ற இடம், தகப்பனும் பாட்டனும் பாட்டுக் கம்பு நட்டு நட்டு இறுகிப்போன தலைக்குழி. வழக்கம் அவருக்குத் தெரியாததல்ல. பீரங்கிக்கு நட்ட கம்பும் பாட்டுக்கு நட்ட கம்பும் தண்ணீருக்கு ஒன்றுதான் என்பது மட்டும் தோன்றவில்லை. அதே குழியில் நட்டதால் கம்பு பக்கவாட்டில் விலகவில்லை. ஆனால் சுப்பராயலு நட்டால் பாதாளத்துக்கு இறங்கும். இருமல்காரர் ஏகாம்பரம் நட்டால் சும்மா சொருகினதுபோல நிற்கும். யாகோப் துரை சுவரில் போட்ட கோடுகள் திருகின் குற்றப்பத்திரிகை அல்ல, கோட்டைக்குப்பத்தாரின் புஜபல அட்டவணை. இன்றைக்கு மட்டும் பார்வை பிசகாமல் நின்றதற்குக் காரணம், அண்ணனுக்காகக் கம்பு நட வேண்டியவர் பீரங்கி பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததுதான்.

கொத்தளத்துக்கு ஓடித் துரையிடம் சொன்னார். தமிழும், தெரிந்த நாலு உலாந்தாச் சொல்லும், இரண்டு கைகளும் போட்டுச் சொன்னார். துரையின் பற்கள் மறைந்தன.

"மீன் பிடிக்கவில்லை. ஆனால் கம்பை மட்டும் பிடுங்கி, அதே குழியில் நட்டார்கள். எதற்கு?"

"மொறை தொரை."

"பைத்தியமா உங்களுக்கு?"

தருமலிங்கம் பீரங்கியைப் பார்த்தார். எதிரி இல்லாத ஊரில் தினமும் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கும் பீரங்கி. கீழே இறங்கினார். வெயில் பனையின் கழுத்தில் நின்றது.

கரையில் தோணியைத் தள்ளும்போது கோவிந்தம்மா அவர் கையைப் பிடித்தாள். "வேணாண்டா தம்பி. மேல அந்தாளு பீரங்கியத் திருப்பறான். அண்ணனத்தான் குடுத்தாச்சு. பேரு போனாப் போவட்டும்."

"உள்ள மருந்து இல்ல அண்ணி. போடறது நான்தானே."

உண்மைதான், மருந்து இல்லை. ஆனால் தண்ணீரில் இறங்கி, இடுப்பளவு ஈரத்தில் நின்று, திரும்பிப் பார்த்து, அந்தக் கரிய வாய் நேராகத் தன் மாரைப் பார்ப்பதைக் கண்டபோது, இத்தனை வருஷம் அதன் பின்பக்கத்திலேயே வாழ்ந்தவருக்கு முன்பக்கம் எப்படி இருக்கும் என்று முதல் தடவையாகத் தெரிந்தது. கம்பைப் பிடுங்கினார். அண்ணன் பெயரை ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னார். கம்பை மறுபடி குழியில் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு இறக்கினார்.

மேலே யாகோப் துரை பள்ளத்தில் கண்ணை வைத்தபடி இருந்தார். பட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்குவதைப் பார்த்தார். மூன்றாவது போய் இரண்டாவது வந்தது, அதுவும் போய் முதல் பட்டை வந்து நின்றது. இரவில் புத்தி மாறும் திருகு, பகல் வெளிச்சத்தில், கண் எதிரே, யாரும் தொடாமலே புத்தி மாறியது.

"நில்!" என்று கத்தினார். "கம்பைப் பிடி! அசையாதே!"

தருமலிங்கம் நின்றார். துரை திருகை இறக்கினார், ஏற்றினார், கீழிருந்து திருகி வந்து நிறுத்தினார். பீரங்கியின் வாய் தருமலிங்கத்தின் மாரிலிருந்து நெற்றிக்கு ஏறி, இடுப்புக்கு இறங்கி, மறுபடி மாருக்கே வந்தது. எத்தனை தடவை போனாலும் அதே இடம். திருகில் ஒரு குறையும் இல்லை என்பது அவ்வளவு துல்லியமாக வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

கரையில் கோவிந்தம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, மேலே சிவப்புக் கொடி இறங்கியது.

யாகோப் துரை நேர்மையானவர். கோட்டைத் துரையிடம் போய்ப் பார்த்ததை அப்படியே சொன்னார். திருகு யோக்கியம், மூடிய தண்ணீரில் இறங்கிய தருமலிங்கம் குற்றவாளி. இரண்டும் உண்மை. ஆகவே தண்ணீரும் திறந்தது, தருமலிங்கமும் மரக்குதிரை ஏறினார். அவர் காலில் கட்டிய குண்டுகள் அவரே துடைத்துப் பளபளப்பாக்கியவை. பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து ஏரி தெரியாது. கொடி இல்லாத கம்பம்தான் தெரியும். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வலி பொறுக்காதபோது சாலமன் வந்து, யாருக்கும் தெரியாமல் குண்டுகளுக்கு அடியில் ஒரு கல்லை முட்டுக்கொடுத்தான்.

இறக்கிவிட்டதும் கால்களை அகட்டி அகட்டிக் கரைக்கு வந்தார். தருமலிங்கத்தின் பெண்சாதி பச்சையம்மாவின் தம்பி ராஜவேலு, கோவிந்தம்மாவுக்காக வலை கட்டி வத்தத்துக்குப் பிடித்திருந்தான். ஊர் கூடிப் பேசும்படியான பாடு இல்லை. கூடை நிறைந்தது, அதற்கு மேல் கொஞ்சம். காட்டூருக்குத் தூக்கிப்போகப் போதும்.

விளக்கு வைக்கும் நேரம் அடுத்தவர் பாடு தொடங்கும். வழக்கமாக அடுத்தவரே பழைய கம்பைப் பிடுங்கிக்கொள்வார். ஆனால் செத்தவன் கம்பை அடுத்தவன் தொடக் கூடாது. வீட்டு ஆள்தான் பிடுங்கித் தர வேண்டும். அடுத்த முறைக்காரர் வீரராகவன் தோணியோடு வந்து, கொஞ்சம் தள்ளியே நின்றார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"மாமா, உன்னால நடக்கவே முடியல. நான் வேணா கூடப் புடிக்கறேன்" என்றான் ராஜவேலு.

"நீ வீட்டு ஆளு இல்லடா."

தருமலிங்கம் தண்ணீரில் இறங்கினார். கோவிந்தம்மாவும் புடவையைச் செருகிக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள். கம்பில் கை வைத்தவரைத் தடுத்தாள்.

"கொஞ்ச நேரம் விடு தம்பி. இன்னும் வெளிச்சம் கீதில்ல."

விட்டார். மேற்கே கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. வீரராகவன் அவசரப்படுத்தவில்லை. பட்டைகளில் முதல் பட்டை மட்டும்தான் தண்ணீருக்கு மேலே வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு அதுவும் சாம்பல் நிறமாயிற்று.

"சரி" என்றாள் கோவிந்தம்மா.

தருமலிங்கம் இழுத்தார். வரவில்லை. காலையில் ஊரில் யாரும் நடாத ஆழத்துக்கு அவர்தான் நட்டிருந்தார். கால்களில் பலமில்லை. கோவிந்தம்மா பக்கத்தில் வந்து, தன் கைகளையும் கம்பில் வைத்தாள். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். கம்பு மெல்ல மேலே வந்தது. குழியில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது.

அவள் கம்பின் அடியில் ஒட்டியிருந்த மணலைத் தண்ணீரில் அலசி, தருமலிங்கத்திடம் கொடுத்தாள். வாங்குகிறவர் பெயரைச் சொல்லிக் கொடுப்பது வீட்டு ஆணின் வேலை. தருமலிங்கம் கம்பைத் தோணிப் பக்கம் நீட்டினார்.

"வீரராகவா," என்றார், "உன் பாடு."